குளிரைப் பிடிக்காதவர் வளர்த்த மேப்பிள்

இலையெல்லாம் உதிர்ந்து மொட்டையாக நிற்கும் ஒரு சின்ன மரம் தூங்குகிறதா, செத்துவிட்டதா? அதை எப்படிக் கண்டுபிடிப்பது?

எங்கள் குடியிருப்பின் மாடிப்படியில் நின்றுகொண்டு என்னிடம் இதைக் கேட்டவர் இரண்டாம் மாடிக்காரர். கையில் ஒரு தட்டையான மண்தொட்டி. அதில் ஒரு முழ உயரத்துக்குக் குச்சிகள். நான் அப்போதுதான் பள்ளிப் படிப்பை முடித்திருந்தேன். தாவரவியலில் நல்ல மதிப்பெண் வேறு. ஆனாலும் பதில் தெரியவில்லை. "தெரியலைங்க" என்று சொல்லிவிட்டு மேலே ஏறிப் போய்விட்டேன். அந்தப் பதிலை நம்பித்தான் அவருடைய பிழைப்பே இருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது.

அவரை எல்லோரும் கம்பளி என்று கூப்பிடுவார்கள். நல்ல வெயில் காலத்திலும் கழுத்துவரை பொத்தான் போட்ட கம்பளிச் சட்டையோடுதான் கடைக்குப் போவார். அதற்குக் காரணம் உண்டு. ஊருக்கு வெளியே இருக்கும் பெரிய மொத்த விற்பனைக் கிடங்கில், உறைநிலைப் பொருட்கள் வைக்கும் அறையில் இருபத்திரண்டு வருடமாகச் சரக்குத் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார். அந்த அறையில் மைனஸ் இருபது டிகிரி. நாற்பது நிமிடம் உள்ளே, பத்து நிமிடம் வெளியே. உள்ளே போனால் முதலில் மூக்குமுடி உறையும், பிறகு மீசை வெளுக்கும். வெளியே வந்தால் மீசை சொட்டும். ஒரு நாளைக்கு எட்டு தடவை கிழவனாகி எட்டு தடவை வாலிபனாகிறேன் என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

நாற்பத்தாறு வயதில் அந்தச் சிரிப்பு நின்றது. விரல் நுனிகள் மெழுகுபோல வெளுத்துப் போயின. சட்டைப் பொத்தானைப் பார்த்துத்தான் போட முடிந்தது, தடவிப் போட முடியவில்லை. கிடங்கின் மருத்துவர் அவருடைய பத்து விரல்களையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நுனிக்கு ரத்தம் சரியாப் போகலை. அந்த அறையில இன்னும் ஒரு குளிர்காலம் தாங்கலாம். அதுக்கு மேல நான் அனுமதிக்க மாட்டேன்."

"அதுக்கு மேல நான் எங்க போறது, டாக்டர்?"

"வேற பிரிவுல இடம் இருந்தா மாறிக்குங்க. இல்லைன்னா வீட்டுக்குத்தான்."

வேறு பிரிவு என்றால் கிடங்கின் முன்பக்கம் இருந்த செடிப் பிரிவு ஒன்றுதான். அங்கே ஒருவர் அடுத்த வருடம் ஓய்வு பெறப் போகிறார் என்று காதில் விழுந்தது. அந்தப் பிரிவின் பொறுப்பாளரை ஆட்கள் செடி மேடம் என்பார்கள். அதிகம் பேச மாட்டார், பேசினால் பாதியில் நிறுத்த மாட்டார். கம்பளி போய்க் கேட்டபோது அவர் ஒரு ரோஜாத் தொட்டியைக் கவிழ்த்து வேரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்க மாதிரி உள்ளேருந்து மூணு பேரை எடுத்தேன். மூணு பேரும் ஒரே மாசத்துல பாதிச் செடியக் கொன்னுட்டாங்க. கேட்டா, எப்படிச் செத்ததுன்னு தெரியலைங்கறாங்க. நாலாவதா நீங்களா?"

"எனக்கும் செடியப் பத்தி ஒண்ணும் தெரியாதுங்க மேடம். கத்துக்கறேன்."

மேடம் உள்ளே போய் ஒரு தொட்டியை எடுத்து வந்தார். யாரோ வாங்கிப் போய், பராமரிக்க முடியவில்லை என்று திருப்பிக் கொடுத்த ஜப்பான் மேப்பிள். போன்சாயாக, குட்டையாகவே வளர்ப்பதற்காகத் தட்டைத் தொட்டியில் நட்டிருந்தார்கள். தண்டு சுண்டுவிரல் பருமன். அப்போதுதான் விரிந்த இலைகள், ஒவ்வொன்றும் விரல் விரித்த சின்னக் கை மாதிரி.

"அடுத்த வருஷம் இதே மாசக் கடைசியில ஆள் மாத்தற படிவம் அனுப்பணும். அன்னிக்கு இது இலையோட என் மேசைக்கு வரட்டும். கையெழுத்துப் போடறேன்."

கூடவே ஒரு துண்டுக் காகிதத்தில் நாலு வரி எழுதிக் கொடுத்தார். விரலால் மண்ணைத் தொட்டுப் பார், மேல்மண் காய்ந்தால் தண்ணீர். காலை வெயில் போதும், உச்சி வெயில் வேண்டாம். இலை உதிர்ந்த பிறகு உரம் போடாதே. குளிர்காலத்தில் வெளியே வை.

கம்பளி அதைப் பேருந்திலேயே நாலு தடவை படித்தார். முதல் மூன்று வரி நியாயமாகப் பட்டது. நாலாவது வரியை மட்டும் மேடம் ஏதோ அவசரத்தில் மாற்றி எழுதிவிட்டார் என்று நினைத்துக்கொண்டார்.

அவர் மனைவி தெருமுனையில் முடிதிருத்தும் கடை நடத்துகிறார். நாள் முழுக்கத் தலைகளோடு பேசிப் பழகியதால் மரத்தைப் பார்த்தவுடன் அதையும் ஒரு தலையாகத்தான் பார்த்தார்.

"இதுக்கு வகிடு எந்தப் பக்கம் எடுக்கறது?"

"கிண்டல் பண்ணாத. இதுதான் நம்ம சோறு."

"சோறுன்னா சமையலறையில வைங்க. ஏன் பால்கனிக்குக் கொண்டு போறீங்க?"

பால்கனியின் கிழக்கு மூலையில், காலை வெயில் மட்டும் படும் இடத்தில் மரம் உட்கார்ந்தது. கம்பளி வேலைக்குப் போகும்முன் ஒரு தடவை, வந்ததும் ஒரு தடவை மண்ணில் ஆட்காட்டி விரலை வைத்துப் பார்ப்பார். ஒவ்வொரு தடவையும் மண் ஈரமாகத்தான் இருந்தது. "நல்லா ஈரம் இருக்கு" என்று சொல்லிக்கொண்டே கையைத் துடைத்துக்கொள்வார். கோடை ஏறிக்கொண்டே போனது. மரத்தின் மண் மட்டும் காயவேயில்லை. நல்ல தொட்டி என்று மெச்சிக்கொண்டார்.

மூன்றாவது வாரம் இலைகளின் ஓரம் பழுப்பாகி, காகிதம் கருகியது போலச் சுருண்டது.

மனைவி வந்து மண்ணைத் தொட்டார். தொட்ட கையை எடுக்காமல் அவரைத் திரும்பிப் பார்த்தார்.

"இதுல எங்கங்க ஈரம்? சுட்ட செங்கல் மாதிரி இருக்கு."

"இப்பதான் தொட்டுப் பார்த்தேன். சில்லுன்னு இருந்தது."

"உங்களுக்கு எதைத் தொட்டாத்தான் சில்லுன்னு இல்ல?"

சொன்ன பிறகுதான் இரண்டு பேருக்கும் உறைத்தது. அவருடைய விரல் நுனிக்கு உலகத்தில் எல்லாமே சில்லென்றுதான் இருந்தது. சூடான தேநீர்க் கோப்பையைத் தவிர மற்ற எல்லாமே ஈரம். அந்த விரலை நம்பித்தான் மரம் மூன்று வாரம் தாகத்தோடு நின்றிருக்கிறது.

மனைவி தண்ணீர்ச் செம்பை எடுத்து வந்தார். கம்பளி தொட்டியின் அடித்துளை வழியாகத் தண்ணீர் வெளியே வரும்வரை ஊற்றினார். மறுநாள் கிடங்கில், உடைந்த பெட்டியிலிருந்து கழித்துக் கட்டிய ஐஸ்கிரீமில் ஒன்றைத் தின்றுவிட்டு, குச்சியைக் கழுவிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்தார். அன்றிலிருந்து அதுதான் அவருக்கு விரல். குச்சியை மண்ணில் செருகிக் கொஞ்ச நேரம் விட்டு எடுப்பார். குச்சி கருத்து வந்தால் ஈரம், வெளுத்து வந்தால் தண்ணீர். கண்ணுக்கு எந்தக் கோளாறும் இல்லையே.

மரம் பிழைத்துக்கொண்டது. கருகிய இலைகள் போக மிச்சம் இருந்தவை இலையுதிர் காலத்தில் ஒரே வாரத்தில் நெருப்பாகச் சிவந்தன. கம்பளிக்குப் பெருமை தாங்கவில்லை. கூட வேலை பார்க்கும் நெட்டையிடம் கைபேசியில் படம் காட்டினார்.

"மரம் நல்லாத்தான் இருக்குய்யா. நீதான் பக்கத்துல நின்னு படத்தைக் கெடுத்துட்ட," என்றார் நெட்டை.

அடுத்த வாரம் இலைகள் கொட்டின. அதுவரைக்கும் பரவாயில்லை, எல்லா மரத்துக்கும் நடப்பதுதான் என்று தைரியமாக இருந்தார். முதல் உறைபனி விழுந்த காலையில் பால்கனிக் கதவைத் திறந்தார். கம்பியில் வெள்ளைப் பூச்சு. தொட்டியின் விளிம்பிலும் அதே வெள்ளை. அந்த வெள்ளையை அவருக்கு இருபத்திரண்டு வருடமாகத் தெரியும். தொட்டியைத் தூக்கி உள்ளே கொண்டுவந்து, ஹீட்டருக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு வைத்தார். தன் பழைய கழுத்துத் துண்டை எடுத்துத் தொட்டியைச் சுற்றிக் கட்டினார்.

மனைவி காகிதத்தை எடுத்துக் காட்டினார். "வெளியேன்னு எழுதியிருக்குங்க."

"எழுதறது சுலபம். அந்தம்மா மைனஸ் இருபதுல நின்னு பார்த்திருக்காங்களா?"

"நின்னது நீங்க. மரம் இல்ல."

"எனக்கு உள்ள போறதுக்குக் கோட்டு இருக்கு, பூட்ஸ் இருக்கு, வெளிய வரக் கதவு இருக்கு. இதுக்கு என்ன இருக்கு?"

மனைவி காகிதத்தை மடித்து வைத்தார். மரம் ஹீட்டர் பக்கத்திலேயே இருந்தது.

குளிர்காலத்தின் நட்ட நடுவில், வெளியே எல்லா மரமும் எலும்புக்கூடாக நிற்கும்போது, அவருடைய மரத்தில் இரண்டு துளிர் வந்தது. வெளிறிய பச்சையில், நூல் மாதிரி நீண்ட துளிர். கம்பளிக்குத் தலைகால் புரியவில்லை. சாப்பாட்டு இடைவேளையில் நேராக மேடத்திடம் ஓடிப் போய்ப் படத்தைக் காட்டினார். இப்போதே கையெழுத்துப் போட்டுவிடுவார் என்றுகூட ஒரு நப்பாசை.

மேடம் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். மரத்தை விட்டுவிட்டு அதன் பின்னால் இருந்ததைப் பார்த்தார்.

"இது ஹீட்டரா?"

"ஆமாங்க மேடம். கதகதப்பா வச்சிருக்கேன்."

"தூங்க வேண்டியதை எழுப்பி விட்டிருக்கீங்க. ஒரு குளிர்காலம் தூங்கினாத்தான் வசந்தத்துல இலை விடறதுக்குத் தெம்பு இருக்கும். இருக்கற தெம்பை இப்பவே செலவு பண்ணுது. அத்தனை மொட்டும் இப்படித் திறந்துச்சுன்னா முடிஞ்சது."

கம்பளி கைபேசியைச் சட்டைப் பையில் போட்டார். "அப்ப இன்னிக்கே வெளிய வச்சிடறேன்."

"முழிச்ச மரத்தை உறைபனியில வச்சா அன்னிக்கே செத்துடும்."

"அப்ப நான் என்னதான் பண்றது?"

"மரம் உங்க கையில இருக்கு," என்று சொல்லிவிட்டு மேடம் வேலையைப் பார்க்கப் போனார்.

கம்பளி உள்ளே திரும்பிப் போய் வண்டியில் ஏறினார். உள்ளே வைத்தாலும் சாவு, வெளியே வைத்தாலும் சாவு. அன்றைக்கு மீன் வந்திருந்தது. புதிதாக வந்த மீனை எடுத்தவுடன் மைனஸ் இருபதில் தள்ள மாட்டார்கள். முதலில் ஒரு அறை, பிறகு அதைவிடக் குளிர்ந்த ஒரு அறை என்று படிப்படியாக இறக்குவார்கள். அந்த அறைகளுக்கெல்லாம் நடுவில் ஒரு முன்னறை உண்டு. வெளிச் சூடு உள்ளே போகாமலும் உள்குளிர் வெளியே வராமலும் இருக்க இரண்டு பக்கமும் கதவு. அங்கே உணவுப் பொருள் எதுவும் வைப்பதில்லை. ஃபோர்க்லிஃப்ட் ஒரு நிமிடம் நின்று போகும், அவ்வளவுதான். எப்போதும் மூன்று டிகிரி, நாலு டிகிரி. இருபத்திரண்டு வருடமாக ஒரு நாளைக்குப் பதினாறு தடவை அதன் வழியாகப் போய்வந்தவர், அன்றைக்குத்தான் வண்டியை நிறுத்திவிட்டுச் சுவரில் இருந்த வெப்பமானியை நின்று பார்த்தார்.

வீட்டுக்கு வந்ததும் ஹீட்டரை விட்டு மரத்தைக் குளியலறை ஜன்னலுக்கு மாற்றினார். நாலு நாள் கழித்து மாடிப்படி வளைவுக்கு. இன்னும் நாலு நாள் கழித்து, மேற்பார்வையாளரிடம் கெஞ்சிக் கூத்தாடி அனுமதி வாங்கிக்கொண்டு முன்னறைக்கு. மைனஸ் அறையின் கதவு திறக்கும்போது அடிக்கும் காற்று வேரைத் தாக்காமல் இருக்க, காலியான மீன் பெட்டிக்குள் தொட்டியை இறக்கினார். தெர்மகோல் பெட்டி. எத்தனை தடவை கழுவினாலும் மீன் வாசம் போகவில்லை. பெட்டியின் மேல் கிடங்கில் ஒட்டும் சீட்டையே ஒட்டினார். உள்ளே வந்த தேதி, வெளியே போகும் தேதி, கவனம், உடையும் பொருள்.

மறுநாளே சீட்டில் நெட்டை தன் கையெழுத்தில் ஒரு வரி சேர்த்திருந்தார்: கம்பளி போட்டுவிடாதீர்கள்.

"உன் மாப்பிள்ளை எப்படி இருக்கார்?" என்று ஆட்கள் தினமும் விசாரித்தார்கள். கம்பளி கண்டுகொள்ளவில்லை. முன்பெல்லாம் பத்து நிமிட இடைவேளையில் தேநீர் இயந்திரத்துக்கு ஓடுகிறவர், இப்போது பாதி நேரம் முன்னறையில் நின்று குச்சியைச் செருகிப் பார்த்தார். பத்து நாளைக்கு ஒரு தடவை ஒரு குவளைத் தண்ணீர். குறிப்பேடு ஒன்றில் தேதியும் டிகிரியும் எழுதினார். இரண்டாவது வாரம் அந்த இரண்டு துளிரும் கறுத்துத் தொங்கின. மற்ற மொட்டுகள் இறுக மூடிக்கொண்டன. நல்லதா கெட்டதா என்று சொல்ல யாரும் இல்லை.

பத்து வாரம் கழித்து, உறைபனி ஓய்ந்ததும், சீட்டில் எழுதியிருந்த தேதியில் மரத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தார். பால்கனியில் வைத்தார். தெருவில் மரங்கள் ஒன்றொன்றாகப் பச்சை கட்டின. எதிர்வீட்டு வேலிகூடத் துளிர்த்தது. இவருடையது மட்டும் குச்சியாகவே நின்றது. படிவம் அனுப்ப எட்டு நாள் பாக்கி. பால்கனியில் நின்று பார்த்துப் பார்த்து அலுத்துப்போய், தொட்டியைத் தூக்கிக்கொண்டு கீழே குப்பைத் தொட்டிவரைக்கும் போயிருக்கிறார். போடக் கை வரவில்லை. திரும்பி ஏறும்போதுதான் படியில் என்னைப் பார்த்து அந்தக் கேள்வியைக் கேட்டார்.

எனக்குத் தெரியாததை அவர் மனைவி கண்டுபிடித்தார். கடையை மூடிவிட்டு வந்தவர், சமையலறை மேசையில் மரத்தையும் அதன் முன்னால் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்த கணவரையும் பார்த்தார்.

"நகத்தால லேசா சுரண்டிப் பார்த்தாத் தெரியாதா?"

"எனக்கு விரல்ல ஒண்ணும் தெரியாதே. அழுத்திட்டேன்னா?"

"தள்ளுங்க."

முதலில் கறுத்த துளிர் இருந்த கிளையின் நுனி. கட்டைவிரல் நகம் பட்டதும் தோல் தூளாக உதிர்ந்தது. உள்ளே காய்ந்த பழுப்பு. கம்பளி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மனைவி கிளையிலிருந்து கீழே இறங்கினார். இரண்டு விரற்கடை தள்ளி இன்னொரு கீறல். பழுப்புதான். பிறகு அடித்தண்டில், எறும்பு நடக்கும் அகலத்துக்கு ஒன்று.

"இங்க பாருங்க."

"வேண்டாம். நீயே சொல்லு."

"சொல்ல மாட்டேன். பாருங்க."

திரும்பிப் பார்த்தார். பச்சை. தோலுக்கு அடியில் ஈரமாக மினுங்கும் பச்சை. ஆட்காட்டி விரலை அதன்மேல் வைத்தார். வழக்கம்போலச் சில்லென்றுதான் இருந்தது. இந்தத் தடவை அது உண்மையிலேயே ஈரம்.

மனைவி முடிவெட்டும் கத்தரியை ஸ்பிரிட்டால் துடைத்து எடுத்து வந்து, கறுத்த இரண்டு கிளைகளையும் உயிருள்ள இடம்வரை கத்தரித்தார். "கொஞ்சம் குட்டையாத்தான் தெரியும். வளர்ந்துடும்," என்று வாடிக்கையாளருக்குச் சொல்வதுபோல மரத்துக்கே சொன்னார்.

எட்டாவது நாள் மரம் மேடத்தின் மேசைக்குப் போனது. இலை இல்லை. மொட்டுகள் மட்டும் குண்டூசித் தலை அளவுக்குச் சிவந்து உப்பியிருந்தன.

"இலையோடன்னு சொன்னேன்."

"ஆமாங்க மேடம். இன்னும் பத்து நாள் ஆகும்."

"படிவம் இன்னிக்கு சாயங்காலம் போகணும்."

"தெரியும்ங்க."

கம்பளி ஐஸ்கிரீம் குச்சியையும் மீன் பெட்டியில் ஒட்டியிருந்த சீட்டையும் குறிப்பேட்டையும் எடுத்து மரத்துக்குப் பக்கத்தில் வைத்தார். கோடையில் விரலை நம்பி மூன்று வாரம் காயப் போட்டது, குளிர்காலத்தில் ஹீட்டர் பக்கத்தில் எழுப்பி விட்டது, பிறகு படிப்படியாக இறக்கியது, எந்தக் கிளை எதனால் செத்தது, எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னார். மேடம் குறிப்பேட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். சீட்டில் நெட்டை எழுதியிருந்த வரியைப் படித்தபோது மட்டும் உதடு கொஞ்சம் அசைந்தது.

"முன்னறையில எத்தனை டிகிரி?"

"மூணுலேருந்து நாலு. பெரிய கதவு திறந்தா ஒண்ணு வரைக்கும் இறங்கும். பெட்டிக்குள்ள இறங்காது."

மேடம் பேனாவை எடுத்தார். "முன்னாடி வந்த மூணு பேர்கிட்ட, செடி எப்படிச் செத்ததுன்னு கேட்டேன். தெரியலைன்னாங்க. நீங்க எப்படிக் கொல்லப் பார்த்தீங்கன்னு தேதியோட எழுதி வச்சிருக்கீங்க. ஆனா ஒண்ணு. விற்காத மரமெல்லாம் குளிர்காலத்துல பின் கொட்டகையில இருக்கும். வருஷா வருஷம் கதகதப்புல முன்னாடியே முழிச்சுப் பாதி போயிடுது. அந்தக் கொட்டகையை நாலு டிகிரியில வச்சுப் பார்த்துக்க ஆள் வேணும். குளிர்காலம் முழுக்க அங்கதான் வேலை. முடியுமா?"

"கையுறை போட்டுக்கலாமா?"

"தாராளமா."

"அப்ப நாலு டிகிரி எனக்கு வெயில் காலங்க மேடம்."

கையெழுத்து விழுந்தது. அன்று மாலை செய்தியைக் கேட்ட மனைவி முதலில் சந்தோஷப்பட்டார், பிறகு யோசித்தார்.

"அப்ப குளிர்லேருந்து தப்பிச்சுக் குளிருக்கே போறீங்களா?"

"இருபத்துநாலு டிகிரி ஏறியிருக்கேன். அது கண்ணுக்குத் தெரியலையா உனக்கு?"

பத்து நாள் என்று கம்பளி சொன்னது பன்னிரண்டு நாள் ஆனது. முதல் இலை விரிந்த அன்று அவர் வேலைக்குக் கால் மணி நேரம் தாமதம். இது நடந்து ஒன்றரை வருடம் ஆகிறது. விரல் நுனிகள் முழுக்கச் சரியாகவில்லை. மேற்கொண்டு மோசமாகவும் இல்லை, அதுவே போதும் என்கிறார் மருத்துவர். பொத்தானை இன்னும் பார்த்துத்தான் போடுகிறார். மரம் இப்போது குளிர்காலத்தில் கொட்டகையில் மற்ற மரங்களோடு தூங்குகிறது. கழுத்துத் துண்டு மறுபடி அவர் கழுத்துக்கே போய்விட்டது.

அன்று படியில் பதில் சொல்லாமல் ஏறிப் போன கடன் எனக்கு இருக்கிறது. அதனால் உங்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் தெருவில் யாராவது மொட்டையாக நிற்கும் ஒரு சின்ன மரத்தைத் தூக்கிக்கொண்டு குப்பைத் தொட்டிப் பக்கம் போவதைப் பார்த்தால், அவரைக் கொஞ்சம் நிறுத்துங்கள். அடித்தண்டை நகத்தால் லேசாகச் சுரண்டிப் பார்க்கச் சொல்லுங்கள். பச்சை தெரிந்தால், அங்கேயே நின்று இந்தக் கம்பளியின் கதையை அவருக்குச் சொல்லிவிடுங்கள்.